ஹால் த்ரஸ்டர் சிமுலேஷன்: மின்னோட்டத்துக்குப் பொருத்திய பிறகு அதைக் கணிப்பு என்று சொல்லலாமா?

சிறுதுகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹால் த்ரஸ்டருக்குள் (வாயுவை அயனியாக்கி மின்புலத்தால் வெளியே தள்ளி விண்கலத்தை நகர்த்தும் எஞ்சின்) இருக்கும் பிளாஸ்மாவைக் கணினியில் உருவகப்படுத்துவதுதான் என் முனைவர் பட்ட வேலை. பயன்படுத்துவது ஹைபிரிட் கோட் (கணினி நிரல்): அயனிகளும் நடுநிலை அணுக்களும் துகள்கள், எலக்ட்ரான்கள் பாய்மம். எஸ்பிடி-100 த்ரஸ்டரை எடுத்துக்கொண்டேன். 300 வோல்ட், 4.5 ஆம்பியர், ஏறத்தாழ 83 மில்லிநியூட்டன் உந்துவிசை என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான அளவுகள் அதற்கு இருக்கின்றன.

எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைக் குறுக்கே கடந்து ஆனோடுக்கு (நேர்மின்முனைக்கு) போக வேண்டும். மோதல்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த ஓட்டம் மிகக் குறைவாக வருகிறது, டிஸ்சார்ஜே (வாயு வழியே மின்னோட்டம் ஓடுவது) நிலைத்து நிற்பதில்லை. அதனால் இந்தத் துறையில் எல்லோரும் செய்வதைப் போல நானும் கூடுதலாக ஒரு மோதல் அதிர்வெண்ணைச் சேர்க்கிறேன். சேனலுக்குள் (வாயு அயனியாகும் வளையப் பள்ளம்) ஓர் எண், வெளியே ஓர் எண். இரண்டையும் மாற்றிக்கொண்டே போய் 4.5 ஆம்பியர் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். பிறகு உந்துவிசையைப் பார்த்தால் சோதனை அளவுக்கு நெருக்கமாக வருகிறது. என் வழிகாட்டிக்கு இது போதும். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. விடையைப் பார்த்து எண்ணை வைத்துவிட்டு, கோட் த்ரஸ்டரைக் "கணித்தது" என்று ஆய்வேட்டில் எழுதலாமா? இந்த வேலையில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

காந்தவலை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முதலில் உந்துவிசை விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது நீங்கள் நினைப்பதை விடப் பலவீனமான சோதனை.

எஸ்பிடி-100க்குப் போகும் செனான் நொடிக்கு 5.3 மில்லிகிராம் அளவில் இருக்கும். 300 வோல்ட்டை முழுதாக வாங்கிய ஒற்றை மின்னூட்டச் செனான் அயனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 111 மில்லிநியூட்டன். எல்லா வாயுவும் அயனியாகாது, அயனிகள் எல்லாம் நேர்க்கோட்டில் போகாது, மின்னழுத்தம் முழுதும் கிடைக்காது. அந்த இழப்புகளைக் கழித்தால் எண்பதுகளில் வந்து நிற்கும். தாளில் போட்டாலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். பொருத்திய ஹைபிரிட் கோட் அங்கே வந்து சேர்ந்ததை வைத்து அதன் உள்ளே இருக்கும் இயற்பியல் சரி என்று சொல்ல முடியாது.

உண்மையான சோதனை, மின்னழுத்தம் எந்த இடத்தில் சரிகிறது என்பதில் இருக்கிறது. 300 வோல்ட்டில் பெரும்பகுதி சேனலின் வாயருகே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் விழுந்துவிடுகிறது. அந்தச் சரிவு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தாலும் வெளியே தள்ளி இருந்தாலும் உந்துவிசையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சுவரில் எந்த ஆற்றலோடு அயனி மோதும் என்பது தலைகீழாக மாறிவிடும். த்ரஸ்டரின் ஆயுளை முடிவு செய்வது அதுதான்.

இப்போது ஓட்டை எங்கே என்று பார்ப்போம். வளைய வடிவச் சேனலில் காந்தப்புலம் ஆரத்திசையில், உச்சத்தில் 0.02 டெஸ்லா அளவில். மின்புலம் அச்சுத் திசையில். 20 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானின் சுழல் ஆரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, செனான் அயனிக்கு அது ஒரு மீட்டரைத் தாண்டும். எனவே அயனி காந்தப்புலத்தைக் கண்டுகொள்ளாமல் வெளியே பாய்கிறது, எலக்ட்ரானோ நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது ஆனோடை நோக்கி ஓர் அடி எடுத்துவைக்க வேண்டுமென்றால் எதிலாவது மோதித் தடம் மாற வேண்டும். நடுநிலை அணுக்களோடு நடக்கும் மோதல்களை எண்ணினால் அது போதவில்லை. அளந்த மின்னோட்டத்தை விளக்க, சேனல் வாயருகே நூறு மடங்கு வரைகூட அதிக மோதல் தேவைப்படுகிறது. 1966இல் ஜேன்ஸும் லௌடரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முதல் ஹால் த்ரஸ்டர் சோவியத் விண்கலமான மீட்டியோரில் பறந்தது 1971 டிசம்பரில். அதாவது இந்த எஞ்சின் பறப்பதற்கு முன்பே இருந்த கேள்வி இது, இன்னும் முழுதாகத் தீரவில்லை.

சோவியத் இயற்பியலாளர் மொரோசோவ் சுவர்களைக் காரணம் காட்டினார்: எலக்ட்ரான் சுவரில் மோதித் திரும்பும்போது தடம் மாறுகிறது என்றார். அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் சுவரே இல்லாத வெளிப்பகுதியிலும் கூடுதல் கடத்தல் தேவைப்படுகிறதே! அங்கேதான் உங்கள் இரண்டாவது எண் உட்கார்ந்திருக்கிறது.

---

வெற்றிடக்கலன் எழுதியது:

நான் சோதனைப் பக்கம். சிமுலேஷன் செய்பவர்கள் "சோதனை அளவு" என்று ஒரே எண்ணைப் போடும்போது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. த்ரஸ்டரை வெற்றிடக் கலனுக்குள் ஓட்டும்போது பம்ப் இழுக்க இழுக்க நாமும் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறோம். மிச்சமிருக்கும் செனானில் ஒரு பகுதி த்ரஸ்டர் வாய்க்குள் திரும்பிப் போய் அயனியாகிறது. விண்வெளியில் அந்த இலவச வாயு கிடையாது. எஸ்பிடி-100இலேயே கலனின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் உந்துவிசை கொஞ்சம் இறங்குகிறது. போதாக்குறைக்குக் கலனின் உலோகச் சுவர் மின்சாரம் கடத்தும். பீச்சிலிருந்து (த்ரஸ்டர் வாயிலிருந்து வெளியே பாயும் பிளாஸ்மா) வரும் எலக்ட்ரான்களுக்கு அது ஒரு குறுக்கு வழி.

எனவே சிறுதுகள், எந்த அழுத்தத்தில் அளந்த 4.5 ஆம்பியருக்கு நீங்கள் பொருத்தினீர்கள்? உங்கள் கோடின் எல்லையில் அந்தப் பின்னணி வாயு இருக்கிறதா? இல்லையென்றால் கலனின் குறையையும் சேர்த்து அந்த எண்ணுக்குள் திணித்திருக்கிறீர்கள்.

---

சிறுதுகள் எழுதியது:

பின்னணி வாயுவைச் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கிறேன், நன்றி சார்.

அப்புறம் ஒரு கேள்வி. எலக்ட்ரான்களைப் பாய்மமாக வைப்பதால்தானே இந்த எண் தேவைப்படுகிறது? எலக்ட்ரானையும் துகளாகவே வைத்து முழு பிஐசி (பார்டிக்கிள்-இன்-செல்) செய்தால், கடத்தல் தானாக வந்துவிட வேண்டுமே. எதையும் பொருத்தத் தேவையில்லை. இன்று இருக்கும் ஜிபியு வசதிக்கு ஏன் எல்லோரும் அதைச் செய்வதில்லை?

---

நுண்கட்டம் எழுதியது:

செய்கிறோம். ஆனால் எதைச் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

படிப்பவர்களில் புதியவர்கள் இருக்கலாம் என்பதால் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஐசியில் ஒவ்வொரு கணினித் துகளும் பல்லாயிரம், பல லட்சம் நிஜத் துகள்களுக்குப் பதிலாள். துகள்களின் மின்னூட்டத்தைக் கட்டத்தின் முனைகளில் பகிர்ந்து போடுகிறோம், அதிலிருந்து பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்து மின்புலம் எடுக்கிறோம், அந்தப் புலத்தால் துகள்களை நகர்த்துகிறோம். நகர்த்துவதற்குப் பெரும்பாலும் 1970இல் போரிஸ் கொடுத்த வழிதான் இன்றும். மோதல்களுக்கு மாண்டி கார்லோ, அதாவது சீரற்ற எண்களால் முடிவு செய்யும் முறை. பிறகு அடுத்த கால அடி.

வழக்கமான பிஐசியில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கட்டத்தின் அளவு டிபை நீளத்தை (பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் மறைந்துபோகும் தூரம்) ஒட்டியோ குறைவாகவோ இருக்க வேண்டும். கால அடி பிளாஸ்மா அலைவுக் காலத்தில் சிறு பங்காக இருக்க வேண்டும். மீறினால் துகள்கள் காரணமே இல்லாமல் சூடேறிக்கொண்டே போகும்.

எஸ்பிடி-100க்கு எண்களைப் போடுவோம். அடர்த்தி கன மீட்டருக்கு 10இன் 18ஆம் அடுக்கு, வெப்பநிலை 20 எலக்ட்ரான்வோல்ட். டிபை நீளம் ஏறத்தாழ 33 மைக்ரோமீட்டர். சேனல் நீளம் 25 மில்லிமீட்டர், அகலம் 15, நடுவட்டச் சுற்றளவு 267 என்று வைத்தால் அச்சில் 750 கட்டம், ஆரத்தில் 450, சுற்றில் 8,000. பெருக்கினால் 270 கோடி. கட்டத்துக்கு 100 துகள் என்றால் 27,000 கோடி துகள்கள். வெளியே விரியும் பீச்சை இன்னும் தொடவே இல்லை.

கால அடி 3 அல்லது 4 பிக்கோ நொடி. ஆனால் நாம் பார்க்க விரும்பும் மூச்சு அலைவின் (மின்னோட்டம் மூச்சு போல ஏறி இறங்குவது) காலம் 50 முதல் 100 மைக்ரோ நொடி. ஊற்றுக் கிணற்றை இறைக்க இறைக்க நீர் வற்றி, மறுபடி ஊறும் வரை காத்திருக்க வேண்டியிருப்பது போல, அயனியாக்கம் வாயுவைத் தீர்த்துவிட்டுப் புது வாயு வந்து சேரும் வரை அடங்கியிருக்கிறது. நொடிக்கு 200, 300 மீட்டர் வேகத்தில் நகரும் நடுநிலை அணு 25 மில்லிமீட்டரைக் கடக்க ஆகும் நேரம்தான் இதற்கு அளவுகோல். ஆக ஒரே ஒரு மூச்சுக்கு 3 கோடி கால அடிகள். கணக்கு நிலைபெறப் பல மூச்சுகள் ஓட்ட வேண்டும்.

இதைத் தவிர்க்க ஆட்கள் செய்யும் வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, வெற்றிடத்தின் மின்விடுதிறனைச் செயற்கையாக ஏற்றிவிடுவது. நூறு மடங்கு ஏற்றினால் டிபை நீளம் பத்து மடங்காகும், முப்பரிமாணத்தில் கட்டங்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகும், கால அடியும் பத்து மடங்கு பெரிதாகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுவரோரப் படலமும் (சுவரை ஒட்டி மின்னழுத்தம் சட்டென விழும் மெல்லிய அடுக்கு) பத்து மடங்கு தடிக்கும். அதைவிட முக்கியமானது, எலக்ட்ரான் கடத்தலுக்குக் காரணம் என்று நாம் சந்தேகப்படும் அலையின் நீளமே டிபை நீளத்தைச் சார்ந்தது. தேடிப்போன பொருளையே மாற்றிவைத்துவிட்டுத் தேடுகிறோம்.

இன்னொன்று, அயனியின் நிறையைக் குறைப்பது. செனான் எலக்ட்ரானைவிட 2,40,000 மடங்கு கனம், அதனால்தான் கணக்கு இவ்வளவு இழுக்கிறது. குறைத்தால் வேகமாக முடியும். ஆனால் அந்த அலை எவ்வளவு வளர்ந்து எங்கே அடங்கும் என்பதில் அயனியின் நிறைக்கும் கை இருக்கிறது.

மூன்றாவது, ஒரு பரிமாணத்தை விட்டுவிடுவது. அச்சும் சுற்றும் மட்டும் வைத்தால் சுவர் இல்லை. ஆரமும் சுற்றும் மட்டும் வைத்தால் அலை அயனிகளோடு வெளியே அடித்துச் செல்லப்படுவது தெரியாது. அதனால் துகள்களைக் குறிப்பிட்ட தூரம் போனதும் திரும்பப் புகுத்த ஒரு பொய்யான அச்சு நீளம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நீளமும் ஓர் எண்தான், சிறுதுகள்.

---

காந்தவலை எழுதியது:

நுண்கட்டம் சொன்ன அலையைப் பற்றி இரண்டு வரி. எலக்ட்ரான் சைக்ளோட்ரான் டிரிஃப்ட் நிலையின்மை என்பது அதன் பெயர். சுற்றுத் திசையில் ஓடும், மில்லிமீட்டர் அளவு அலைநீளம், மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண். 2004இல் பிரான்ஸில் ஆடம், ஹெரோன், லாவல் மூவரும் செய்த இருபரிமாண பிஐசியில் இந்த அலை தானாகவே எழுந்தது, எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தின் குறுக்கே தள்ளியது. அப்போது ஒரு த்ரஸ்டரிலும் இப்படி ஓர் அலையை நேரடியாக அளந்திருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஓர்லியான் நகரில் செடினா சிகாட்டாவும் குழுவினரும் லேசர் சிதறல் மூலம் அதை த்ரஸ்டர் பீச்சில் அளந்து காட்டினார்கள்.

கணினி முதலில் காட்டி, கருவி பிறகு கண்ட விஷயம் இது. மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்ற கேள்விக்கு அந்த 2004 கோட் நம்பிக்கையான விடை தந்ததா என்றால் இல்லை. "ஏன்" என்ற கேள்விக்கு ஒரு வழியைத் திறந்தது. நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

---

சுற்றுப்பாதை எழுதியது:

நான் விண்கலத் திட்டமிடல் பக்கத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் விவாதம் அருமை, ஆனால் எங்களுக்கு வேறு அவசரம்.

நாசாவின் நெக்ஸ்ட் அயனி எஞ்சினின் ஆயுள் சோதனை 51,184 மணி நேரம் ஓடியது. ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஒரு கலன், பம்புகள், ஆட்கள், 900 கிலோவுக்கு மேல் செனான். ஒவ்வொரு புது வடிவமைப்புக்கும் இப்படிச் செய்ய முடியுமா? இஸ்ரோ தன் 300 மில்லிநியூட்டன் நிலைப் பிளாஸ்மா த்ரஸ்டரை (ஹால் த்ரஸ்டரின் ஒரு வகை) 5.4 கிலோவாட்டில் 1,000 மணி நேரம் ஓட்டி 2025 மார்ச்சில் அறிவித்தது. அதில் மின்முனை உறைகளின் தேய்மானத்தை அவ்வப்போது கண்காணித்தார்கள். செயற்கைக்கோள் பத்து, பதினைந்து ஆண்டு வேலை செய்ய வேண்டும். 1,000 மணி நேரத் தேய்மானத்திலிருந்து அந்த ஆயுளுக்கு நீட்டிச் சொல்லக் கையில் ஒரு மாதிரி வேண்டும். அதற்கு ஹைபிரிட் கோட்தான் இருக்கிறது. பொருத்திய எண்ணாக இருந்தால் இருக்கட்டும். பீச்சு சூரியத் தகட்டின் மேல் படுமா, எவ்வளவு அரிக்கும் என்ற கேள்விக்கும் இதே கதைதான். த்ரஸ்டர் வாயில் அயனிகளின் கோணமும் ஆற்றலும் தெரிந்தால் போதும், உள்ளே எலக்ட்ரான் எப்படிக் கடந்தது என்பது எங்களுக்குத் தேவையில்லை.

எல்லாம் அடிப்படையிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தால் எதுவும் பறந்திருக்காது.

---

காந்தவலை எழுதியது:

சுற்றுப்பாதை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். பொருத்திய கோட் எப்போது நம்பத் தகுந்தது, எப்போது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

ஏரோஜெட் நிறுவனத்தின் பிபிடி-4000 ஹால் த்ரஸ்டர். அதன் தகுதிச் சோதனை 10,000 மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. சேனல் சுவர் வழக்கம் போல அரிந்துகொண்டே வந்தது. ஏறத்தாழ 5,600 மணி நேரத்துக்குப் பிறகு அரிமானம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அளக்கத்தக்க தேய்மானமே இல்லை. சுவர் ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்ததும் பிளாஸ்மா அதைத் தொடுவதை விட்டுவிட்டது.

ஜெட் புரொபல்ஷன் லேபில் மிகெலிடிஸ், காட்ஸ் குழுவினர் ஹால்2டிஈ என்ற கோடை வைத்துக் காரணம் தேடினார்கள். இதில் எலக்ட்ரான் பாய்மம்தான், கூடுதல் மோதல் அதிர்வெண்ணும் பொருத்தியதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். கணக்கின் வலைப்பின்னலைக் காந்தப்புலக் கோடுகளோடு ஒட்டியே அமைத்தார்கள். எலக்ட்ரானுக்குக் கோட்டின் வழியே ஓடுவது மிக எளிது, குறுக்கே போவது மிகக் கடினம். சாதாரணச் சதுர வலையில் இந்த இரண்டும் எண்பிழையால் கலந்துவிடும், சுவர் ஓரத்தில் நடக்கும் நுட்பம் தெரியாமலே போகும்.

அவர்கள் கண்டது இது. அரிந்து அரிந்து சுவரின் வாய்ப்பகுதி சரிவாகிவிட்டது. அந்தச் சரிவை ஒட்டி ஓடும் காந்தக் கோடுகள் சுவரை வெட்டவில்லை. உள்ளே ஆனோடு பக்கம் வரை போய்த் திரும்பி வருகின்றன. ஆனோடு அருகே எலக்ட்ரான்கள் குளிர்ந்தவை, மின்னழுத்தம் உயர்ந்தது. ஒரு கோட்டின் வழியே எலக்ட்ரான் வெப்பநிலை ஏறத்தாழ மாறாது. வெப்பநிலை குறைவு என்பதால் மின்னழுத்தமும் கோட்டின் வழியே அதிகம் மாறாது. எனவே சுவரின் வாயருகிலும் அதே உயர் மின்னழுத்தம், அதே குளிர்ந்த எலக்ட்ரான். அயனி சுவரை நோக்கி முடுக்கப்பட அங்கே மின்புலமே இல்லை. சுவரோரப் படலத்தில் விழும் மின்னழுத்தமும் எலக்ட்ரான் வெப்பநிலையைப் பொறுத்தது, அதுவும் சிறியது. அரிக்கும் அளவுக்கு ஆற்றல் உள்ள அயனி சுவருக்குப் போய்ச் சேருவதே இல்லை.

பிறகு அவர்கள் இதை வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். எச்6 என்ற 6 கிலோவாட் ஆய்வகத் த்ரஸ்டரின் காந்தச் சுற்றையும் சுவர் முனையையும் சிமுலேஷன் சொன்னபடி மாற்றி ஓட்டினார்கள். சுவர் அரிமானம் நூறு மடங்குக்கும் மேல், சில இடங்களில் ஆயிரம் மடங்கு அளவுக்குக் குறைந்தது. இதற்குக் காந்தக் கவசம் என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே கவனியுங்கள், சிறுதுகள். கூடுதல் மோதல் எண்ணை நீங்கள் இரட்டிப்பாக்கினாலும் பாதியாக்கினாலும், கோட்டின் வழியே வெப்பநிலை மாறாது என்பது அப்படியே இருக்கும். அந்த முடிவு எலக்ட்ரானின் நீளவாட்டு ஓட்டத்திலிருந்து வருகிறது, குறுக்கு ஓட்டத்திலிருந்து அல்ல. பொருத்திய எண் எந்த முடிவைத் தொடவில்லையோ, அந்த முடிவை நான் தயங்காமல் நம்புவேன். எந்த முடிவைத் தொடுகிறதோ, அதைக் கணிப்பு என்று எழுத விடமாட்டேன். சுற்றுப்பாதைக்கும் இதுதான் பதில். நீங்கள் பயன்படுத்தும் கோணமும் ஆற்றலும் முடுக்கப் பகுதி இருக்கும் இடத்தைப் பொறுத்தவை, அந்த இடத்தை நிர்ணயிப்பது பொருத்திய எண். 300 வோல்ட்டில் பொருத்திவிட்டு 600 வோல்ட்டில் ஓடும் த்ரஸ்டரின் ஆயுளைச் சொன்னால் அது ஊகம்தான்.

---

வெற்றிடக்கலன் எழுதியது:

அந்த எச்6 சோதனையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். ஓட்டி முடித்துக் கலனைத் திறந்தபோது வெள்ளையாக இருக்க வேண்டிய போரான் நைட்ரைடு வளையங்கள் கறுத்துக் கிடந்தன. பீச்சு போய் மோதும் கிராஃபைட் தடுப்பிலிருந்து சிதறிய கார்பன் திரும்பி வந்து படிந்திருந்தது. சாதாரணத் த்ரஸ்டரில் முனைச் சுவரில் கார்பன் தங்காது, அயனிகள் உடனே தேய்த்துத் துடைத்துவிடும். அங்கே கறுப்பு நின்றது என்றாலே அரிமானம் படிவை விடக் குறைவு என்று எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிறகு சுவரையே கிராஃபைட்டில் செய்து ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாகவே ஓடியது. இந்த வகைத் த்ரஸ்டரில் மின்கடத்தும் பொருளால் சுவர் வைப்பதை முன்பு யாரும் எளிதில் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுவர் பிழைத்தது, அடுத்து முன்பக்கக் காந்தத் துருவத்தின் முகப்பு மெல்ல அரிய ஆரம்பித்தது. முன்பு சுவர் முதலில் போய்விடும் என்பதால் அது யாருக்கும் பெரிய கவலையாக இருந்ததில்லை. இப்போது துருவத்தின் மேல் கிராஃபைட் மூடி போடுகிறார்கள். அங்கே வந்து மோதும் அயனிகள் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு ஆற்றலோடு என்பதில் சிமுலேஷன்கள் திணறின. துருவ முகப்பு இருப்பது சேனலுக்கு வெளியே. அங்கே எலக்ட்ரான் குறுக்கு ஓட்டம் மறுபடி முக்கியமாகிவிடுகிறது. காந்தவலை போட்ட எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

---

நுண்கட்டம் எழுதியது:

நல்ல இடத்துக்கு வந்துவிட்டோம். இதில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: கோட் சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கிறதா, சமன்பாடு நிஜத்தைச் சொல்கிறதா. இரண்டும் வேறு.

2019இல் அச்சு–சுற்றுத் தள பிஐசிக்கு ஒரு பொது ஒப்பீடு வெளியானது. ஏழு குழுக்கள் தனித்தனியாக எழுதிய கோடுகளை ஒரே சிக்கலில் ஓட்டினார்கள். 2.5 சென்டிமீட்டருக்கு 1.28 சென்டிமீட்டர் தளம், 500க்கு 256 கட்டம், கால அடி 5 பிக்கோ நொடி, மொத்தம் 20 மைக்ரோ நொடி. முக்கிய அளவுகள் எல்லாம் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போயின. இந்தத் துறைக்கு அது மிகப் பெரிய விஷயம். அதற்கு முன் ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தோம், யாருடைய வித்தியாசம் இயற்பியல், யாருடையது பிழை என்று தெரியாது. கட்டத்துக்கு எத்தனை துகள் வேண்டும் என்பதையும் அதில் மாற்றிப் பார்த்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. துகள் குறைந்தால் இரைச்சல் கூடும், இரைச்சல் எலக்ட்ரானைத் தடம் மாற்றும், அது நிஜமான கடத்தல் போலவே வேஷம் போடும்.

ஆனால் அந்தச் சிக்கலில் அயனியாக்கத்தை முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிட்டார்கள். மோதல் இல்லை, சுவர் இல்லை, மூச்சு அலைவு இல்லை. ஏழு கோடும் ஒத்துப்போனது, ஒரே சமன்பாட்டை ஏழு பேரும் சரியாகத் தீர்த்தார்கள் என்பதற்குத்தான் சான்று. எந்த த்ரஸ்டரும் அந்தச் சமன்பாட்டின்படி ஓடுவதில்லை. மேற்கோள் காட்டும்போது இதைச் சேர்த்து எழுதாதவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

---

தொடக்கநிலை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஒரு சந்தேகம். ஸ்டார்லிங்க் முதலில் கிரிப்டானில் ஓடியது, 2023 முதல் புது வகைச் செயற்கைக்கோள்களில் ஆர்கான் என்கிறார்கள். செனானுக்குப் பொருத்திய எண்ணை அப்படியே ஆர்கானுக்குப் போட்டால் வேலை செய்யுமா? அப்புறம், சொந்தமாகக் கற்றுக்கொள்ள எங்கே ஆரம்பிப்பது? என்னிடம் ஒரு சாதாரண லேப்டாப்தான்.

---

நுண்கட்டம் எழுதியது:

முதல் கேள்விதான் இந்த இழையிலேயே கறாரான சோதனை. செனானை அயனியாக்க 12.1 எலக்ட்ரான்வோல்ட், ஆர்கானுக்கு 15.8. ஆர்கான் அணு செனானில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லை, எனவே அதே வெப்பநிலையில் 1.8 மடங்கு வேகமாகச் சேனலைக் கடந்துவிடும். அயனியாக வாய்ப்புக் குறைவு. ஈடுகட்ட அடர்த்தியைக் கூட்ட வேண்டும், சேனலை மாற்ற வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்ட அளவு 4.2 கிலோவாட்டில் 170 மில்லிநியூட்டன், செயல்திறன் 50 சதவீதம். இந்த வித்தியாசங்களை எல்லாம் கோட் தானாகப் பார்த்துக்கொள்ளும், மோதல் குறுக்குப் பரப்புகளை (மோதல் நடக்கும் வாய்ப்பைச் சொல்லும் அளவுகள்) சரியாகக் கொடுத்தால் போதும், எல்எக்ஸ்கேட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கூடுதல் மோதல் அதிர்வெண் அலையிலிருந்து வருகிறது, அலை அயனியின் நிறையையும் வேகத்தையும் பொறுத்தது. செனான் எண்ணை ஆர்கானுக்கு எடுத்துப் போட எந்த நியாயமும் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ன்ஸ் 2018இல் வேறு வழியில் போனார். பல த்ரஸ்டர்களில் பொருத்திய மோதல் அதிர்வெண்களை எடுத்துக்கொண்டு, அங்கங்கே இருக்கும் பிளாஸ்மா அளவுகளோடு அதை இணைக்கும் சூத்திரத்தை இயந்திரக் கற்றலால் தேடினார். ஒரே இரண்டு எண்ணை எங்கும் போடுவதைவிட இது நேர்மையான முயற்சி என்று நினைக்கிறேன். ஆனால் கற்ற தரவுக்கு வெளியே போனால் அதே பயம் இதற்கும் உண்டு.

லேப்டாப் பற்றி: அதே மிச்சிகன் குழுவின் ஹால்த்ரஸ்டர்.ஜேஎல் என்ற ஒருபரிமாணக் கோட், ஜூலியா மொழியில், திறந்த மூலம். உங்கள் லேப்டாப்பில் தாராளமாக ஓடும். மூச்சு அலைவு திரையில் வருவதை முதலில் பாருங்கள், பிறகு மோதல் அதிர்வெண்ணை மாற்றினால் அந்த அலைவு கூடுவதையும் அடங்குவதையும் பாருங்கள். பிஐசி எழுத ஆசை என்றால் நேரே ஹால் த்ரஸ்டருக்குப் போகாதீர்கள். 2013இல் டர்னர் குழுவினர் வெளியிட்ட ஹீலியம் டிஸ்சார்ஜ் ஒப்பீடு இருக்கிறது. இரண்டு தகடு, நடுவே 6.7 சென்டிமீட்டர், 13.56 மெகாஹெர்ட்ஸ், ஒரே பரிமாணம். அந்த அயனி அடர்த்தி வளைவு உங்கள் கோடில் வரும் வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

---

சுற்றுப்பாதை எழுதியது:

காந்தவலை சொன்ன பிரிப்பு எனக்கு உதவும். எங்கள் தேய்மான அறிக்கையில் ஒரே ஒரு பொருத்தத்தை வைத்து ஓர் எண்ணைத்தான் இதுவரை கேட்டு வாங்குகிறோம். பொருத்தத்தை மாற்றினால் ஆயுள் எவ்வளவு ஆடுகிறது என்ற வரம்பையும் கேட்க வேண்டும். அந்த வரம்பு பெரிதாக இருந்தால் எரிபொருளில், மாற்று த்ரஸ்டரில் நாங்கள் பாதுகாப்பு வைத்துக்கொள்ள முடியும். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

---

சிறுதுகள் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் செய்யப்போவது: பின்னணி வாயுவைச் சேர்ப்பது. மின்னோட்டத்துக்குப் பொருத்துவதை மட்டும் நம்பாமல், சேனல் நடுக்கோட்டில் அயனி வேகத்தை லேசரால் அளந்த தரவோடும் ஒப்பிடுவது. பிறகு 4.5 ஆம்பியர் தரும் எல்லா எண் ஜோடிகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் சுவர் அரிமானம் எப்படி மாறுகிறது என்று வரைவது. "கணித்தது" என்ற சொல்லை அந்த இரண்டு எண்களைத் தொடாத முடிவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. லேசர் தரவுக்கு இரண்டு எண் போதவில்லை என்றால்? முடுக்கப் பகுதியின் சரிவு இரண்டு எண்ணில் வரவில்லை, ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

---

காந்தவலை எழுதியது:

போதாது. நடுக்கோட்டின் நெடுக மோதல் அதிர்வெண்ணை ஒரு வளைவாகவே வையுங்கள், ஹால்2டிஈயிலும் அப்படித்தான் செய்கிறார்கள். காந்தப்புல உச்சத்துக்கு அருகே அது ஆழமாகக் குழிந்து, வெளியே ஏறும். அந்தக் குழிதான் மின்னழுத்தத்தைச் செங்குத்தாகச் சரிய வைக்கிறது. லேசர் தரவு 834.7 நானோமீட்டர் செனான் அயனிக் கோட்டில் எடுத்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அதில் சராசரி வேகத்தை மட்டும் எடுக்காமல் வேகப் பரவலின் அகலத்தையும் எடுங்கள். அயனியாக்கமும் முடுக்கமும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பது அந்த அகலத்தில் தெரியும், மூச்சு அலைவில் முடுக்கப் பகுதி முன்னும் பின்னும் ஆடுவதும் அதில் கலந்திருக்கும்.

ஆய்வேடு வெளியாகும்போது அந்த வளைவின் எண்களையும் கோப்பாகச் சேர்த்துப் போடுங்கள். படமாக மட்டும் போட்டால் அடுத்தவர் அதை அளவுகோல் வைத்துப் படித்தெடுக்க வேண்டியிருக்கிறது.